இடியப்பத்துக்கு ஒரு சம்பள வரம்பு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் வருமாறு.

தலைவர் கனகலிங்கம் அவர்கள், மேசையின் தலைப்பக்கம், கைபிடி வைத்த கதிரையில். அந்த அறையில் கைபிடி வைத்த கதிரை அது ஒன்றுதான். விதிமுறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் பத்ரிநாராயணன் அவர்கள், அவருக்கு வலப்பக்கம், முன்னால் முந்நூற்றெழுபது பக்கக் கடதாசிக் கட்டுடன். இல்ஃபோர்ட் கழக முகாமையாளர் கிறிஸ்துராஜா அவர்கள், யன்னலோரம், அரிசி மூட்டைகள் இரண்டின் மேல். பொருளாளர் மெற்றில்டா அவர்கள், எல்லாருக்கும் எதிரே, தான் வீட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கும் கதிரையில். செயலாளர் தேவராசா, அதாவது நான், கதவுக்கும் போட்டோக்கொப்பி மெசினுக்கும் இடையில், கோப்பை மடியில் வைத்தபடி. மிச்ச மூன்று கழகங்களின் பிரதிநிதிகள் வரவில்லை. என்ன தீர்மானித்தாலும் தங்களுக்குச் சம்மதம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சம்மதத்தை எங்கே இருத்துவது என்று தெரியாததால் குறிப்பில் மட்டும் இருத்தினேன்.

இடம்: வடலண்டன் எட்மண்டனில் தலைவருடைய காஷ் அன் கரி மொத்தக்கடையின் மேல்மாடி. திகதி: 2006 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. அன்றைக்குத்தான் உலகக் கோப்பை உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. ஆகையால் ஐந்து மணிக்குள் கூடைப்பந்தாட்டத்தைச் சீர்திருத்தி முடிக்கவேண்டும் என்பது முதலாவது தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது.

எங்கள் அமைப்பின் பெயர் ஐரோப்பியத் தமிழர் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம். ஆறு கழகங்கள். ஆறும் லண்டனுக்குள்ளே, ஒரே நாள் டிக்கெட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஐரோப்பிய என்ற சொல் எப்படி வந்தது என்றால், தலைவர் இங்கே வருமுன் பதினொரு வருடம் ஜேர்மனியில் இருந்தவர். தொழில்முறை என்ற சொல், ஆண்டு மலருக்கு விளம்பரம் சேர்க்கப் போனபோது வந்தது. சும்மா விளையாடுகிற பெடியளுக்கு யார் அரைப்பக்கம் தருவார்கள் என்று ஒரு நகைக்கடைக்காரர் கேட்டார். அடுத்த ஞாயிறு எங்கள் பெடியள் தொழில்முறை வீரர்கள் ஆனார்கள். ஒரு போட்டிக்குத் தலைக்குப் பத்துப் பவுண். சம்பளம் என்று ஒன்று வந்தபின் சம்பள வரம்பும் வரவேண்டும் அல்லவா. ஒரு கழகம் ஒரு போட்டிக்கு எண்பது பவுணுக்குமேல் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதினோம். எழுதியது நான்தான். நான் படித்தது கொடிகாமத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே கூடைப்பந்து வளையம் இருக்கவில்லை. ஆனால் கடிதம் எழுத நன்றாகப் படிப்பித்தார்கள்.

தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"நாங்கள் ஏன் சம்பள வரம்பு வைச்சனாங்கள்? காசுள்ள கழகம் காசில்லாத கழகத்தை விழுங்கக்கூடாது எண்டு. என்ரை கழகத்தைப் பாருங்கோ. எட்டுப் பேர். எட்டுப் பேரும் கீழை என்ரை கடையிலை சம்பளத்துக்கு நிக்கினம். அது கடைச் சம்பளம். பந்துக்கு நான் ஒரு சதமும் குடுக்கிறேல்லை. விளையாட்டையும் காசையும் நான் ஒருநாளும் கலக்கிறேல்லை. மற்றக் கழகங்களும் இப்பிடி நடந்தால் வரம்பே தேவையில்லை."

கிறிஸ்துராஜா கைதட்டினார். அரிசி மூட்டையிலிருந்து கைதட்டுவது சுலபமில்லை.

பிறகு பத்ரிநாராயணன் எழுந்தார். அவர் கும்பகோணத்துக்காரர், ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை. எங்களுக்குள் அவர் ஒருவர்தான் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் சம்பள ஒப்பந்தம் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்கியவர். கீழே கடையின் பிரிண்டரில் அதை அடித்து முடிக்க இரண்டு நாள் ஆனதாம். அந்த இரண்டு நாளும் கடைக்கு வந்தவர்களுக்கு ரசீது கிடைக்கவில்லை.

"அமெரிக்காவுல மென்வரம்பு, வன்வரம்புன்னு ரெண்டு இருக்கு சார். மென்வரம்பைத் தாண்டலாம். வன்வரம்பைத் தாண்டக்கூடாது."

"தாண்டினால்?" என்று கேட்டார் மெற்றில்டா. அவர் கவுன்சிலில் வாடகைப் பிரிவில் வேலை செய்கிறவர். அவருடைய கேள்விகள் எப்போதும் அந்தத் தொனியில்தான் இருக்கும்.

"தாண்டினா அது மென்வரம்பா ஆயிடும்."

"முழுக்கப் படிச்சனீங்களோ?"

"ஆமா மேடம். முந்நூத்தி எழுபது பக்கமும்."

"விளங்கினதோ?"

"படிச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு உறவினர் விலக்கு நிறைவேறியது. சொந்த மருமகனுக்குக் கொடுப்பது சம்பளமாகாது, அது கடமை. தலைவரின் எட்டு வீரர்களில் ஏழு பேர் அந்த நிமிடத்திலிருந்து மருமக்கள் ஆனார்கள். எட்டாவது ஆள் நைஜீரியாக்காரர். அவருடைய விஷயம் ஆராயப்படும் என்று குறித்துக்கொண்டேன். அதன்பின் 'காசாகவோ பண்டமாகவோ வீரர் பெறும் எந்த நன்மையும் சம்பளமே' என்ற திருத்தம் வந்தது. கிறிஸ்துராஜா முன்மொழிந்தார். நான் ஆமோதித்தேன். செயலாளர் ஆமோதிப்பது எங்கள் வழக்கம். மற்றவர்களுக்கு அதனால் கை ஓய்வாக இருக்கும்.

ஏழாவது விடயம் யனுஷனுடையது.

யனுஷன் எங்கள் கோலியர்ஸ் வுட் கழகத்து வீரன். ஆறடி நாலங்குலம், வயது இருபத்தேழு. வந்து ஏழு வருடம் அவனுடைய விசா வழக்கு இழுபட்டது. அந்த ஏழு வருடமும் வேலை செய்ய அனுமதி இல்லை. வேலை செய்யக்கூடாத ஒருவன் பத்துப் பவுண் வாங்கினால் பிழையாகிவிடும் என்று அவன் போட்டிக் காசையும் தொட்டதில்லை. அந்த வருடம் மார்ச்சில்தான் விசா கிடைத்தது. கிடைத்த கையோடு பெற்றோல் அடிக்கிற செற்றில் வேலை எடுத்தான். அதோடு வடக்கே ஒரு நகரத்தில் உள்ள ஆங்கிலேயக் கழகம் ஒன்று அவனைக் கூப்பிட்டுப் பார்த்து, எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டது. அது மெய்யான தொழில்முறைக் கழகம். சம்பளம் வங்கிக்குப் போகும். முழங்கால் நொந்தால் வைத்தியர் வருவார். இருபத்தெட்டு வயதுக்குமேல் அவர்கள் புதிதாக ஆள் எடுப்பதில்லை. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: அவன் இதுவரை விளையாடிய சம்மேளனம் அவனை விடுவிக்கிறது என்று ஒரு பக்கப் படிவம். ஓகஸ்ட் 25, வெள்ளிக்கிழமைக்கு முன் வந்து சேரவேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

படிவம் ஜூலை 3ஆம் திகதி என் பெயருக்கு வந்தது. நான் அதை நிகழ்ச்சி நிரலில் போட்டேன்.

"இதிலை கதைக்க என்ன கிடக்கு," என்றார் மெற்றில்டா. "பெடியன் போகட்டும்."

கிறிஸ்துராஜா அரிசி மூட்டையிலிருந்து இறங்கினார். பையிலிருந்து எங்கள் கழகத்தின் இந்த வருட மலரை எடுத்தார்.

"எனக்கு அந்தப் பெடியனோடை ஒரு கோவமும் இல்லை. மூண்டு பைனலிலை அவன்ரை கையாலை தோத்தனாங்கள். அது வேறை. பக்கம் நாப்பத்துமூண்டை வாசிக்கிறன்."

பக்கம் நாற்பத்துமூன்று நன்றிப் பக்கம். மலர் போடுகிற எவருக்கும் அந்தப் பக்கத்தின் பயங்கரம் தெரியும். வாழ்த்துச் செய்தியில் மந்திரியின் பெயரைப் பிழையாகப் போட்டாலும் மன்னிப்பு உண்டு. நன்றிப் பக்கத்தில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பமே அடுத்த வருடம் வராது. 2004இல் மண்டபத்துக்கு ஐஸ் பெட்டி கொண்டுவந்தவருடைய பெயரை விட்டுவிட்டோம். அவர் தன் இரண்டு மகன்களையும் மைத்துனரையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வேறு கழகத்துக்குப் போய்விட்டார். அதிலிருந்து நான் வருடம் முழுவதும் ஒரு கொப்பியில் குறித்து வைத்து, யார் என்ன செய்தார்கள் என்று ஒன்றும் விடாமல் எழுதுகிறவன்.

கிறிஸ்துராஜா நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "எமது நட்சத்திர வீரர் யனுஷனுக்குக் கடந்த மூன்று வருடங்களாகத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் இரவுணவு வழங்கிவரும் திருமதி சிவனேஸ்வரி தேவராசா அவர்களுக்கும் எமது உளமார்ந்த நன்றிகள்."

சிவனேஸ்வரி என் மனைவி. தன் பெயரைப் போடவேண்டாம் என்றுதான் சொன்னாள். மற்றவர்களுடைய பெயரைப் போட்டுவிட்டு வீட்டுக்காரியின் பெயரை விட்டால் முறையில்லை என்று நான்தான் போட்டேன்.

"கிழமைக்கு மூண்டு சாப்பாடு," என்றார் கிறிஸ்துராஜா. "பண்டமாகப் பெறும் நன்மை. இப்பத்தான் நிறைவேத்தினனாங்கள். செயலாளரே ஆமோதிச்சவர்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் நான் சொல்லியிருக்கவேண்டியது ஒரு வசனம். வீட்டுக்கு வந்த பெடியனுக்குச் சோறு போடுவது சம்பளமில்லை. அவ்வளவுதான். நான் சொன்னது வேறு வசனம்: "பக்க எண் சரிதான்."

சாப்பாட்டின் பெறுமதியை மதிப்பிட ஒரு உபகுழு அமைக்கப்பட்டது. படிவம் அதுவரை ஒத்திவைக்கப்பட்டது. நேரம் நாலு ஐம்பத்தைந்து.

உபகுழு ஜூலை 26, புதன்கிழமை பின்னேரம் என் வீட்டுக்கு வந்தது. உபகுழு என்றாலும் நாலு பேரும் வந்தார்கள். சாப்பாட்டை மதிப்பிடப் போகிறோம் என்றால் யாரும் வீட்டில் நிற்பதில்லை.

நான் சிவனேஸ்வரியிடம் கூட்டம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் சபை வருகிறது என்று இடியப்பமும், சொதியும், கத்தரிக்காய்க் குழம்பும், மீன் பொரியலும், பத்ரிநாராயணனுக்கென்று தனியாக உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்திருந்தாள். பத்ரிநாராயணன் டூட்டிங்கில் ஒரு உணவகத்தின் விலைப்பட்டியலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தலைவர் முதல் தட்டை முடித்துவிட்டு, மாதிரி காணாது என்றார். இரண்டாவது தட்டு வந்தது. சொதியின் தடிப்பைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு எழுந்து, அதைத் தீர்க்க மூன்றாவது தட்டும் வந்தது.

"இப்ப நாங்கள் சாப்பிடுறது எந்த வரம்புக்கை வரும்?" என்று மெற்றில்டா கேட்டார். அவர் தேத்தண்ணீர் மட்டும் குடித்தார்.

"இது நிர்வாகச் செலவு," என்றார் தலைவர், மீனின் முள்ளை எடுத்து வைத்தபடி.

அன்றைக்குப் புதன் என்பதை நான் மறக்கவில்லை. மறந்தேன் என்று எழுதலாம், எழுதினால் பொய். ஏழு மணிக்கு யனுஷன் பயிற்சி முடிந்து வழக்கம்போல வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், நாலு பேரைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"வா தம்பி, வா," என்றார் தலைவர். "உன்ரை விஷயமாத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறம். இரு. வழக்கமாச் சாப்பிடுறமாதிரிச் சாப்பிடு. வெக்கப்படாதை."

"இல்லை அங்கிள், நான் பிறகு வாறன்."

"பிறகு வந்தா எங்களால பார்க்க முடியாதுப்பா," என்றார் பத்ரிநாராயணன். "சராசரி வேணும். எத்தனை இடியாப்பம்ங்கறதுதான் அடிப்படை."

சிவனேஸ்வரி அப்போதுதான் விளங்கிக்கொண்டாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கடதாசியில் கோடு போட்டேன். 'எண்ணிக்கை' என்று தலைப்பு எழுதினேன். பேனை என் கையில்தான் இருந்தது.

யனுஷன் கதிரையில் இருந்தான். வழக்கமாக அவன் பத்து, பதினொரு இடியப்பம் சாப்பிடுவான். சிவனேஸ்வரி கேட்காமலே போடுவாள். அன்றைக்கு இரண்டை எடுத்தான். சொதியை ஊற்றிச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, காணும் அன்ரி என்றான்.

"ரெண்டு," என்றார் பத்ரிநாராயணன். நான் இரண்டு கோடு போட்டேன்.

"மறைக்கிறான்," என்றார் கிறிஸ்துராஜா. "ரெண்டு இடியப்பத்திலை ஒருத்தன் அந்த உயரத்துக்குப் பாய ஏலாது. எனக்கெல்லோ தெரியும். பதினொண்டு எண்டு போடுங்கோ."

"உண்மையிலை எத்தினை, தேவராசா?" என்று தலைவர் என்னைக் கேட்டார். "நீர் வீட்டுக்காரன். ஒளிக்காமல் சொல்லும்."

நான் கணக்கில் பிழை விடாதவன் என்று பெயர் எடுத்தவன். பதினொன்று என்றேன்.

யனுஷன் எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். மூன்று வருடத்தில் சிவனேஸ்வரி அவனைத் தட்டுக் கழுவ விட்டதில்லை. அன்றைக்கு அவள் தடுக்கவில்லை. ஒரு சாப்பாடு மூன்று பவுண் எழுபத்தைந்து சதம் என்று உபகுழு முடிவு செய்தது. டூட்டிங் உணவகத்தைவிட இருபத்தைந்து சதம் குறைவு. கழிவு ஏன் என்று கேட்டேன். பரிமாறியவர் கடைசியில் முகம் கொடுக்கவில்லை என்றார் தலைவர்.

போகும்போது மெற்றில்டா வாசலில் என்னிடம் சொன்னார்: "தேவராசா, நீர் நல்ல மனிசன் எண்டு எல்லாரும் சொல்லுகினம். ஆர் சொன்னது எண்டு ஒருக்காக் கேட்டுப் பாரும்."

ஓகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எட்மண்டன். இருந்த இடங்கள் முன்போலவே. அரிசி விற்றுப்போனதால் கிறிஸ்துராஜா இந்தமுறை பருப்பு மூட்டையில்.

அன்றைக்குத்தான் சீர்திருத்தத்தின் சிகரம். அமெரிக்காவில் சம்பள வரம்பு என்பது ஒரு ஆள் நினைத்த தொகையல்ல, அமைப்பின் வருமானத்தில் ஒரு பங்கு என்று பத்ரிநாராயணன் விளக்கினார். வருமானம் கூடினால் வரம்பு கூடும். இதுதான் விஞ்ஞான முறை. எங்களுக்கும் வருமானத்தில் சரிபாதி என்று வைத்தோம். எல்லாருக்கும் நல்ல சந்தோஷம். பிறகு பொருளாளரிடம் சென்ற வருட வருமானத்தைக் கேட்டோம்.

"மண்டப வாடகை, கேடயம், மலர் அச்சடிச்சது, ஐரோப்பியக் கொடி எல்லாம் போக, ஆயிரத்து நூற்றி நாப்பது பவுண் நட்டம்," என்றார் மெற்றில்டா.

பத்ரிநாராயணன் கல்குலேட்டரை அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார். "பாதின்னா மைனஸ் ஐந்நூத்தி எழுபது. ஆறு கழகம். ஒரு கழகத்தோட சம்பள வரம்பு மைனஸ் தொண்ணூத்தஞ்சு பவுண்."

தலைவர் கல்குலேட்டரை வாங்கித் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"மைனஸ் எண்டால்?" என்றார் தலைவர்.

"வீரர்தான் எங்களுக்குத் தரவேணும்," என்றார் மெற்றில்டா.

தலைவர் கைபிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "தந்தால் தொழில்முறை எண்ட பேர் இருக்குமோ?"

"ஒப்பந்தத்துல அதுக்குத் தடை எதுவும் இல்ல சார்."

"அப்ப சரி. இவ்வளவு காலமும் நாங்கள் பிழையான பக்கத்தாலை குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறம். சரித்திரத்திலை எந்த ஒரு சம்மேளனமும் செய்யாததை நாங்கள் செய்திருக்கிறம். வீரனுக்குக் காசு குடுத்தால் அவன் காசுக்கு விளையாடுவான். வீரனிட்டைக் காசு வாங்கினால்தான் அவனுக்கு விளையாட்டிலை பற்று இருக்கோ எண்டு தெரியும். நான் பதினொரு வருசம் ஜேர்மனியிலை இருந்தனான். அங்கையும் இது இல்லை."

நிறைவேறியது. நான் ஆமோதித்தேன்.

வரம்பு பூச்சியத்துக்குக் கீழே போனதும் யனுஷனுடைய குற்றம் அதே அளவுக்கு மேலே போய்விட்டது. சாப்பாட்டின் பெறுமதி மூன்று வருடத்துக்கு ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்து பவுண். அதை அவன் உணவு வழங்கிய வீட்டாருக்குத் திருப்பிக் கொடுத்து, ரசீதைச் சம்மேளனத்துக்குக் காட்டினால் நன்மை நீங்கிவிடும்; நன்மை நீங்கினால் படிவம் போகலாம். கட்டத் தொடங்கினாலே காணும் என்று தலைவர் இரக்கம் காட்டினார். மெற்றில்டா எதிர்த்து வாக்களித்தார். அப்போதும் என் கை மேலேதான் இருந்தது. அதை எப்போது தூக்கினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றிரவே தீர்மானத்தைக் கடிதமாக எழுதினேன். பெறுநர், அனுப்புநர், பொருள், தொடர்பு இலக்கம் எல்லாம் ஒழுங்காக. 'அன்புடையீர்' என்று தொடங்கினேன். என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற, என் மேசையில் மூன்று வருடம் சாப்பிட்ட ஒருவனுக்கு அதைத் தபாலில் சேர்த்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாததை எழுதத்தானே கடிதம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் 23ஆம் திகதி வந்தான். புதன்கிழமை, வழக்கமான நாள். ஆனால் பின்னேரம் நாலு மணிக்கு. சிவனேஸ்வரி இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். ஜூலைக்குப் பிறகு அவன் ஒருநாளும் சாப்பிட வரவில்லை. இருந்தாலும் திங்கள், புதன், வெள்ளி அவள் குழைப்பதை நிறுத்தவில்லை.

அவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலுக்குள்ளே மிதியடியில் நின்றான்.

"உள்ளை வாவன்," என்றாள் சிவனேஸ்வரி.

"இல்லை அன்ரி. ஷிப்ட் இருக்கு." ஒரு கடித உறையை என்னிடம் நீட்டினான். "நானூறு இருக்கு அங்கிள். மிச்சம் மாசா மாசம் தாறன். ரசீதிலை பகுதிக் கொடுப்பனவு எண்டு போடவேணுமாம். உங்கடை கடிதத்திலை இருந்தது."

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உறையைத் திறந்தேன். எண்ணினேன். ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.

"திகதி இண்டையானோ?" என்று கேட்டேன்.

"ஓம் அங்கிள்."

எழுதி, கிழித்துக் கொடுத்தேன். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு சிவனேஸ்வரியைப் பார்த்து, எப்படியாவது சிரிக்க வைக்கவேண்டும் என்று நினைத்திருக்கவேண்டும். "நல்ல விலை அன்ரி," என்றான். "வெளியிலை இந்த விலைக்குக் கிடையாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் போய்விட்டான்.

சிவனேஸ்வரி கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவாமலே வந்து எனக்கு எதிரே இருந்தாள்.

"இது எத்தினை இடியப்பத்துக்குக் காசு? சொல்லுங்கோ. நான் எண்ணேல்லை. எண்ணினது நீங்கள்தானே."

நான் ரசீதுப் புத்தகத்தை மூடினேன்.

"அந்த இங்கிலிஷ்காரற்றை படிவத்தை எடுங்கோ."

எடுத்தேன். அவள் ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிப்பாள். மாப் பிடித்த விரலை வரிக்கு வரி வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் போனாள். அங்கே விரலை நிறுத்தினாள்.

"இதிலை ஆர் கையெழுத்து வைக்கவேணும் எண்டு கிடக்கு?"

"செயலாளர்."

"செயலாளர் ஆர்?"

"நான்."

"கனகலிங்கத்தாற்றை பேர் எங்கை கிடக்கு?"

"இல்லை."

"கிறிஸ்துராஜாவின்ரை?"

"இல்லை."

"குழு எண்டு ஒரு சொல்லு எங்கையேன் கிடக்கோ? எனக்கு இங்கிலிஷ் குறைவு. நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ."

இல்லை. ஒரு கையெழுத்து, ஒரு திகதி. ஜூலை 3ஆம் திகதி காலை உறையைக் கிழித்து வாசித்த அன்றே எனக்கு அது தெரியும். இவ்வளவு நேரமும் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லாமல் வைத்திருந்தேன், சிவனேஸ்வரிக்கும் சொல்லவில்லை. வந்த கடிதத்தைச் சபையில் வைப்பதுதான் முறை என்று அவளிடம் தொடங்கினேன். தொடங்கியதும் அது உண்மையில்லை என்று தெரிந்தது. நாலு வருடமாக நான் செயலாளர். ஆங்கிலேயக் கழகம் ஒன்று, தலைப்பு அச்சடித்த தாளில், என் பெயரைச் சரியாக எழுதி, அன்புள்ள திரு. தேவராசா என்று எனக்கு ஒரு கடிதம் போட்டது அதுதான் முதல் தரம். அதை நாலு பேர் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால்தான் ஏழாவது விடயமாகப் போட்டேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

"அவங்கள் லூசுகள்," என்றாள் சிவனேஸ்வரி. "அது எனக்கு முந்தியே தெரியும். நீங்கள் லூசில்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்."

எழுந்து குசினிக்குள் போய் இடியப்பம் பிழியத் தொடங்கினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள், 24ஆம் திகதி வியாழக்கிழமை, வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்பினேன். கறுப்பு மை. பெரிய எழுத்து. பெயர், பிறந்த திகதி, உயரம். எத்தனை வருடம் விளையாடினார்: நாலு. ஒழுக்கம் பற்றிய முறைப்பாடு உண்டா: இல்லை. எப்போதாவது சம்பளம் கொடுக்கப்பட்டதா: இல்லை. கையெழுத்து. முழுவதும் பன்னிரண்டு நிமிடம். பழக்கத்தில் நேரத்தைப் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு நாளாக என்னிடம் இருந்திருக்கிறது.

ஒன்பதாவது கேள்வியை மட்டும் கடைசிக்கு விட்டிருந்தேன். கழகத்துக்கும் வீரருக்கும் இடையில் தீர்க்கப்படாமல் ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு அல்லது இல்லை என்று எழுதவேண்டும். உண்டு என்றால் விபரம் தரவேண்டும். விபரம் தீரும்வரை விடுவிப்பு நிறுத்திவைக்கப்படும்.

அவனுடைய நானூறு பவுண் என் கோட்டுப் பையில் இருந்தது. இந்த வேலையை முடித்துவிட்டுப் பெற்றோல் செற்றுக்குப் போய்த் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவன் வாங்குவானோ தெரியாது. என்ன சொல்லிக் கொடுப்பது என்றும் தெரியாது. காசைத் திருப்பலாம். அந்தப் புதன்கிழமை அவன் இரண்டு இடியப்பத்தோடு எழுந்ததை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது என்று அந்தப் படிவத்தில் இல்லை. விபரம் எழுத அவர்கள் விட்டிருந்த இடமும் இரண்டு வரிதான்.

இல்லை என்று எழுதினேன். அந்தப் படிவத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். நாக்கால் நனைத்து ஒட்டினேன். ஓரம் கிளம்பாமல் இருக்க உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினேன். கோலியர்ஸ் வுட் தபாற்கந்தோரில் எனக்கு முன்னால் ஆறு பேர். என் முறை வந்ததும் யன்னலுக்குள் இருந்த பெண் உறையைத் தராசில் வைத்து, நாளைக்கு மத்தியானத்துக்குள் போய்விடும் என்றாள். உள்ளே பெறுமதியான ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு கையெழுத்து என்றேன். அவள் கணினியில் இல்லை என்று தட்டினாள், சீட்டை ஒட்டினாள், பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டாள்.